வாசகர் கேள்வி: வளவுக்குள் இருந்து எழுதத் தொடங்குவது

கேள்வி: அக்கா, அம்மாவுக்கு ஏலாமல் போனதால் கொழும்பு வேலையை விட்டுவிட்டு, மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் உள்ள எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டேன். வளவு, கிணறு, நாலு மாடு, வேலிக்கு அப்பால் வட்டை என்கிற வயல்வெளி. இந்த வாழ்க்கையை எழுத ஆசையாக இருக்கிறது. கொப்பியும் வாங்கிவிட்டேன். ஆனால் "இயற்கை எழில் கொஞ்சும் எங்கள் கிராமம்" என்ற முதல் வரியோடு நிற்கிறது. அடுத்து என்ன எழுதுவது? இதையெல்லாம் யார் வாசிப்பார்கள்?
வாசகி, கொக்கட்டிச்சோலை

பதில்: தங்கச்சி, அந்த முதல் வரியை வெட்டிவிடுங்கள். அதை வாகரையில் இருப்பவரும் எழுதலாம், பொத்துவிலில் இருப்பவரும் எழுதலாம். உங்கள் வளவில் நடப்பதை நீங்கள் மட்டும்தான் எழுத முடியும். நாளைக் காலையில் கிணற்றில் வாளி எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று பாருங்கள். மார்கழியில் மேலே வந்து நிற்கும் தண்ணீர், ஆடியில் கச்சான் காற்று அடிக்கும்போது எங்கே போய்விடுகிறது? அந்த நாட்களில் மாட்டை எங்கே கொண்டுபோய்த் தண்ணீர் காட்டுகிறீர்கள்? யார் கொண்டுபோகிறார்? இதை எழுதினால் முதல் பக்கம் நிரம்பிவிடும்.

ஊர் வாழ்க்கையை எழுத வருகிறவர்கள் காட்சியை எழுதுகிறார்கள், வேலையை விட்டுவிடுகிறார்கள். எனக்கு இது பெரிய மனக்குறை. என் அம்மம்மா பன் புல்லில் பாய் இழைப்பதில் கைகாரி. அவர் இழைத்த பாய் ஒன்று இன்னும் வீட்டில் இருக்கிறது. பன்னை எந்தக் குளத்தங்கரையில் வெட்டினார், எவ்வளவு காயவிட்டார், சிவப்புச் சாயத்தை எதில் காய்ச்சினார் என்று சொல்ல எங்கள் குடும்பத்தில் இன்று ஒருவரும் இல்லை. உங்களுக்குப் பக்கத்தில் அம்மா இருக்கிறார். அவர் பாலை எவ்வளவு நேரம் காய்ச்சுகிறார், எந்தச் சூட்டில் உறை விடுகிறார், தயிர்ச் சட்டியை ஏன் யாரையும் தொட விடுவதில்லை என்று கேளுங்கள். "விரல வச்சுப் பார்த்தா தெரியும்" என்பார். அந்த விரல் சூட்டை மற்றவருக்கு விளங்கும்படி எழுதப் பாருங்கள். கஷ்டமான வேலைதான். ஆனால் அதை எழுதிப் பழகியவருக்கு மற்றதெல்லாம் எழுத வரும்.

வயலும் அப்படித்தான். புரட்டாதி, ஐப்பசியில் பெரும்போக விதைப்பு, மாசி, பங்குனியில் வெட்டு என்பது எல்லோருக்கும் தெரியும். இப்போது மெஷின் வந்து வெட்டி, அடித்து, மூட்டையில் கட்டும் அளவுக்குக் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறது. மாடு வளைத்துச் சூடடித்த களத்தில் "பொலி, பொலி" என்று பாடியவர்கள் உங்கள் ஊரில் இன்னும் இரண்டொருவராவது இருப்பார்கள். களத்துக்குள் யார் போகலாம், யார் போகக்கூடாது, முதல் நெல் யாருக்கு என்று கேட்டு எழுதுங்கள். அவர்களைத் தேடிப் போவதைத் தள்ளிப்போட வேண்டாம்.

மண்முனைப் பாலம் 2014இல் திறக்கப்பட்டது. அதற்கு முன் "பாதை" என்று நாங்கள் சொல்லும் மிதவையில் ஏறித்தான் வாவியைக் கடந்தோம். பாலம் வந்த பிறகு பிறந்த பிள்ளைகளுக்கு, இரவில் பிரசவ வலி வந்தால் படுவான்கரையில் என்ன செய்தார்கள் என்று தெரியாது. அம்மாவுக்குத் தெரியும். 1978 நவம்பர் 23 இரவு அடித்த சூறாவளியையும் கேளுங்கள். கூரை எந்த நேரம் போனது, எங்கே ஒதுங்கினார்கள், விடிந்தபோது வளவில் எந்தத் தென்னை நின்றது என்று ஒவ்வொரு வீட்டுக்கும் ஒவ்வொரு கணக்கு இருக்கிறது.

ஒன்றை மட்டும் கவனமாகச் செய்யுங்கள். உங்கள் பக்கத்து ஊர்கள் போரில் பட்டதெல்லாம் உங்களுக்குத் தெரியும். 2007 இடம்பெயர்வு வரைக்கும் பேச்சு போகும்போது அம்மா திடீரென்று எழுந்து அடுப்படிக்குப் போனால், பின்னால் போய்க் கேட்காதீர்கள். அவர் தானாகச் சொல்கிற நாளில் எழுதிக்கொள்ளலாம். சொல்லாவிட்டால் அது அவருடையது. எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டி, வேண்டாம் என்றதை எடுத்துவிடுங்கள். அடுத்த வளவுக் கலியாணப் பேச்சு, காணிச் சண்டை எதையும் தொடவே வேண்டாம். பெயரை மாற்றி எழுதினாலும் ஊருக்குள் ஆளைப் பிடித்துவிடுவார்கள். நீங்கள் அங்கேதான் இருக்கப் போகிறீர்கள்.

யானை வந்தால் எழுதுங்கள். "யானைகளின் அட்டகாசம்" என்று பத்திரிகைத் தலைப்புப் போல வேண்டாம். எந்தத் திகதி, எந்த நேரம், எந்தப் பக்கத்து வேலியால் வந்தது, எத்தனை வாழை போனது, யார் வெடி போட்டார்கள் என்று எழுதுங்கள். பிறகு கிராம சேவகரிடம் போய்ச் சொல்லும்போதும் அந்தக் குறிப்பு கைகொடுக்கும்.

யார் வாசிப்பார்கள் என்று கேட்டீர்கள். கனடாவில், சுவிஸில் இருக்கும் உறவுகளை நினைத்து எழுதினால் எல்லாவற்றுக்கும் விளக்கம் சொல்லத் தொடங்கிவிடுவீர்கள், எழுத்து நீர்த்துப்போகும். மண்டூரில் இருக்கும் ஒரு பெண் வாசிக்கிறாள் என்று நினைத்துக்கொள்ளுங்கள். "எங்கட வீட்டில இப்படி இல்லையே, நாங்க வேற மாதிரியெல்லோ செய்வம்" என்று அவள் சொல்ல வேண்டும். அப்படிச் சொல்ல வைக்கும் எழுத்தைச் சுவிஸில் இருப்பவரும் விரும்பித்தான் வாசிப்பார்.

கேள்வி: எனக்கும் எழுத விருப்பம். ஆனால் வயற்காலத்தில் இரவு வீடு வந்தால் கண் சொருகுகிறது. பேச்சுத் தமிழில் எழுதலாமா என்பதும் குழப்பம்.
வாசகர், திருக்கோவில்

பதில்: தம்பி, வயற்காலத்தில் கட்டுரை எழுத வேண்டாம். சுவரில் தொங்கும் கலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் ஒரு வரி போதும்: "இன்று வரம்பு கட்டினோம். மண்வெட்டிப் பிடி உடைந்தது." தாள்களை ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். வெட்டு முடிந்து ஓய்வாக இருக்கும்போது விரித்துப் பார்த்தால் அந்தந்த நாள் முழுதாக ஞாபகம் வரும், அப்போது விரிவாக எழுதலாம்.

தமிழைப் பற்றி: நீங்கள் சொல்வதை நீங்கள் வழக்கமாக எழுதுகிற தமிழிலேயே எழுதுங்கள். வீட்டார் பேசியதை அவர்கள் பேசியபடி விடுங்கள். "மழை இருட்டிக் கொண்டு வருது, கெதியா அள்ளுங்க புள்ள" என்று உங்கள் அம்மா கத்தியதைத் திருத்தி எழுதினால் அங்கே அம்மா இருக்கமாட்டார். எழுத்துப் பிழையை அச்சுக்குப் போகும்போது நாங்கள் பார்த்துக்கொள்வோம். முதல் பத்துத் தாள் சேர்ந்ததும் அனுப்பி வையுங்கள்.