ஷேக்கர் ஹைட்ஸ் மாதிரி ஊர்களை ஏன் "ஸ்ட்ரீட்கார் சபர்ப்"னு சொல்றாங்க?

சிம்பிளா சொன்னா, டிராம் லைனை நம்பியே உருவான புறநகர். ஒஹாயோல கிளீவ்லாண்டை ஒட்டி இருக்கிற ஷேக்கர் ஹைட்ஸ் இதுக்கு சரியான கேஸ்.

வான் ஸ்வெரிங்கன்னு அண்ணன் தம்பி ரெண்டு பேர் அங்க மனை போட்டு வித்தாங்க, ஆனா டவுனுக்கு சீக்கிரம் போக வழி இல்லன்னா யாரு வாங்குவா, அதனால அவங்களே லைன் போட இறங்கினாங்க, பாதைக்கு இடம் வேணும்னு 1916ல நிக்கல் பிளேட்ங்கிற ரயில் கம்பெனியையே வாங்கிட்டாங்க (சரியான ஆளுங்க!). ஜவுளிக்கடைக்காரர் கூட்டம் வரணும்னு சொந்த செலவுல வேன் விடுவாரே, அதே கணக்குதான்.

1920ல ரயில் ஓட ஆரம்பிச்சப்போ அங்க 1,600 பேர் சுமார், 1930ல 17,000 தாண்டிடுச்சு. 1970ல 36,000 வரைக்கும் போய், அப்புறம் மெல்ல குறைஞ்சு 2020ல 29,000 சொச்சம். ஷேக்கர் புலவார்டு ரோட்டுக்கு நடுவுல புல்தரையில அந்த லைன் இன்னும் ஓடுது.

அமெரிக்க சபர்ப்னாலே காரும் ஹைவேயும் வந்தப்புறம் முளைச்சதுன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, இங்க ரயில்தான் முதல்ல, 60கள்ல ஊருக்குள்ள வரப்பாத்த ஹைவேயை ஜனங்களே எதிர்த்து நிறுத்திட்டாங்க.