கண்மாய்க்கரையில் ஒரு 300 லென்ஸ்

அன்புள்ள ஐயா,

மதுரையில் ஒரு தனியார் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். பறவைகளைப் படமெடுக்கும் ஆசையில் பழைய கிராப் சென்சார் கேமராவும் 70-300 மி.மீ. ஜூம் லென்ஸும் வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் சாமநத்தம் கண்மாய்க்குப் போகிறேன். கொக்கும் நாரையும் நிறைய இருக்கின்றன, படத்தில் எல்லாம் புள்ளியாகத்தான் தெரிகின்றன. பாதிப் படங்கள் மங்கல். பறக்கும் பறவை கருப்பாக விழுகிறது, வெள்ளைக் கொக்கு சுண்ணாம்பாக வெளுத்துவிடுகிறது. 150-600 லென்ஸ் இல்லாமல் முடியாது என்கிறார்கள் நண்பர்கள். கடன் வாங்கியாவது அதை வாங்கிக்கொண்டு முதுமலைக்குப் போகலாமா?

க., மதுரை

அன்புள்ள க.,

கடன் வாங்க வேண்டாம். 150-600 நல்ல லென்ஸ்தான். ஆனால் கையிலிருக்கும் 300 எவ்வளவு ஈடுகொடுக்கும் என்பதை நீங்கள் இன்னும் பார்க்கவில்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் கேமராவிலிருக்கும் சிறிய சென்சாரில் (கிராப் சென்சார்), 300 மி.மீ.யில், 40 மீட்டர் தள்ளி நிற்கும் பறவையை எடுத்தால் படத்தின் குறுக்கே 3 மீட்டருக்குச் சற்று அதிகமான அகலம் அடங்கும். மடையான் என்னும் சிறு கொக்கு அதில் புள்ளிதான். அதே லென்ஸில் 10 மீட்டருக்கு வந்துவிட்டால் அடங்கும் அகலம் 80 செ.மீ.க்கும் குறைவு. மடையானின் நீளம் ஏறத்தாழ 45 செ.மீ. பாதிப் படத்தை அதுவே நிரப்பிவிடும். 600 மி.மீ. லென்ஸ் 20 மீட்டரில் தருவதும் இதே அளவைத்தான். ஆகவே முதலில் பழக வேண்டியது, பறவையைக் கிளப்பிவிடாமல் அந்தப் பத்து மீட்டருக்கு வருவது.

நேராக அதை நோக்கி நடந்தால் வர முடியாது. விடியுமுன் போய், அவை மேய வரும் விளிம்பில் ஒரு கருவேலத்தடியில் உட்கார்ந்துவிடுவதே சிறந்த வழி. வெள்ளைச் சட்டை கூடாது. நகர்ந்தே ஆகவேண்டுமென்றால் குனிந்து, சாய்வாக நாலு எட்டு வைத்து நில்லுங்கள். மடையான் மேய்வதை விட்டுக் கழுத்தை நிமிர்த்திவிட்டதா, அசையாதீர்கள். அது மறுபடி குனிந்து இரை தேடினால் மட்டும் அடுத்த எட்டு. எச்சமிட்டுவிட்டு முன்னால் சாய்ந்தால் பெரும்பாலும் பறக்கப்போகிறது, விரல் ஷட்டரில் இருக்கட்டும். கரைமேல் வண்டிப்பாதை இருந்தால் காருக்குள்ளிருந்தே எடுங்கள். மனித உருவத்துக்கு மிரளும் அளவுக்குப் பறவைகள் வாகனத்துக்கு மிரளுவதில்லை. இன்ஜினை அணைத்துவிட்டு, பயறு நிரப்பிய துணிப்பையைக் கதவுமேல் வைத்து லென்ஸை அதில் கிடத்திக்கொள்ளுங்கள்.

எந்தக் கரையில் உட்காருவது என்பதைப் பலர் யோசிப்பதே இல்லை. பறவைகள், குறிப்பாக நாரை, கூழைக்கடா போன்ற பெரியவை, காற்றை எதிர்த்தே எழும்பும், எதிர்த்தே இறங்கும். கார்த்திகை முதல் மாசி வரை வாடை பொதுவாக வடகிழக்கிலிருந்து வருகிறது. அந்த மாதங்களில் காலை வேளையில் கிழக்குக் கரையில் மேற்கு பார்த்து உட்கார்ந்தால் வெயிலும் காற்றும் உங்கள் முதுகில் படும். இறங்கும் நாரை முகத்தைக் காட்டிக்கொண்டு வரும், கண்ணில் ஒளிப்பொட்டும் விழும். மாலையில் வெயிலுக்காக மேற்குக் கரைக்குப் போனால் அதே நாரை முதுகைக் காட்டும். மாலையில் நின்று மேயும் பறவைகளை எடுங்கள், பறப்பதைக் காலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

செட்டிங்கை ஷட்டர் பிரையாரிட்டியில் வையுங்கள்: ஷட்டர் வேகத்தை நீங்கள் வைப்பீர்கள், மற்றதைக் கேமரா பார்த்துக்கொள்ளும். நிற்கும் பறவைக்கு 1/1000 நொடி, பறப்பதற்கு 1/2000. ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) ஆட்டோவில், உச்ச வரம்பு 3200. மேனுவலில் ஆட்டோ ஐஎஸ்ஓ வைத்தால் பழைய மாடல்கள் பலவற்றில் எக்ஸ்போஷர் காம்பன்சேஷன் (படத்தின் வெளிச்சத்தை ஏற்றி இறக்கும் வசதி) வேலை செய்யாது, உங்களுக்கோ அதுதான் முக்கியம். கேமராவின் மீட்டர் எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பலாக்கவே முயலும். வெளிர் வானம் நிறைந்திருந்தால் அதை இருட்டாக்குகிறது, பறவை கருத்துவிடுகிறது. அங்கே +1 முதல் +1.5 வரை ஏற்றுங்கள். இருண்ட தண்ணீருக்கு முன்னால் வெயிலில் நிற்கும் கொக்குக்கு −1 இறக்குங்கள். வெளிச்சத்தின் பரவலைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராம் வலது ஓரத்தில் முட்டினால் இன்னும் இறக்கவேண்டும். வெளுத்துப்போன இறகின் கோடுகளை எந்த மென்பொருளும் திருப்பித் தராது. சென்சார் பதிந்ததை அப்படியே சேமிக்கும் ரா வடிவத்திலேயே எடுங்கள்.

மங்கல் படங்களை உடனே அழிக்காதீர்கள். கணினியில் நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். பறவை, கிளை, புல் எல்லாமே ஒரே திசையில் இழுபட்டிருந்தால் கை ஆடியிருக்கிறது. கிளை கூர்மையாக இருந்து பறவை மட்டும் இழுபட்டிருந்தால் ஷட்டர் வேகம் போதவில்லை. பறவைக்குப் பின்னாலுள்ள புல் கூர்மையாக இருந்தால் ஃபோகஸ் தவறியிருக்கிறது: பறவை நகர நகரப் பின்தொடரும் தொடர் ஃபோகஸில், ஒற்றை ஃபோகஸ் புள்ளியை அதன் கண்ணில் வைத்துப் பழகுங்கள். எல்லாமே நெளிநெளியாக, ஓரங்கள் இரட்டித்துத் தெரிந்தால் அது கானல். வெயில் ஏறி ஈரத்தரை சூடானபின் தூரத்துப் பறவை எந்த லென்ஸிலும் கூர்மையாக விழாது. பலர் இதற்குத்தான் லென்ஸைக் குறை சொல்லி விற்றுவிடுகிறார்கள். ஒன்பது மணிக்குமேல் பக்கத்துப் பறவையை மட்டும் எடுங்கள்.

பறப்பதை எடுத்துப் பழகப் பச்சைப் பஞ்சுருட்டானைவிட நல்ல ஆசான் இல்லை. கம்பியிலிருந்தோ குச்சியிலிருந்தோ பாய்ந்து பூச்சியைப் பிடித்து, பெரும்பாலும் அதே இடத்துக்குத் திரும்பும். தேனீயானால் குச்சியில் அடித்து அடித்துத்தான் விழுங்கும். சிறிய பறவை என்பதால் எட்டு மீட்டருக்குள் இருங்கள். அது பாய்ந்ததும் துரத்தாமல், குச்சியில் ஃபோகஸைப் பிடித்து வைத்துக்கொண்டு 1/2500-இல் காத்திருங்கள். திரும்பி வரும்போது மூன்று நான்கு படங்கள் மட்டும். பட்டனை விடாமல் அழுத்தினால் கேமராவின் தற்காலிக நினைவகம் நிரம்பிக் கேமரா நின்றுவிடும், நல்ல கணம் அப்போதுதான் வரும்.

கூட்டை எடுக்காதீர்கள். ஆள்காட்டிக் குருவி தலைக்குமேல் சுற்றிக் கத்துகிறதென்றால் அருகில் வெறுந்தரையில் முட்டையோ குஞ்சோ இருக்கக்கூடும். காலடியைப் பார்த்தபடி வந்த வழியே திரும்பிவிடுங்கள். சித்திரை வெயிலில் தாய் சிறிது நேரம் விலகினாலும் முட்டைக்குள் கரு வெந்துவிடக்கூடும். மொபைலில் குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை அழைப்பதும் வேண்டாம். தன் எல்லைக்குள் எதிரி வந்துவிட்டதென்று அது மேய்ச்சலையும் இணையையும் விட்டு ஓடிவருகிறது. உங்களுக்கு அருகிலேயே சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் இருக்கிறது. பறவைகளுக்காக அங்குள்ள கொள்ளுகுடிப்பட்டி மக்கள் தீபாவளிக்குக்கூட வெடி வெடிப்பதில்லை. அங்கே போனால் கரையைவிட்டு இறங்காமல் எடுங்கள்.

முதுமலைக்குத் தாராளமாகப் போங்கள், இதே லென்ஸோடு. வனத்துறை வாகனத்தில் பாதை ஓரம் நிற்கும் யானைக்கு 300 பல நேரம் அதிகம், 70-ஐத்தான் தேடுவீர்கள். யானைகளைக் கருப்பு வெள்ளையில் எடுத்த காட்டுயிர் எழுத்தாளர் மா. கிருஷ்ணன் (1912–1996), பல கேமராக்களின் உறுப்புகளைச் சேர்த்துத் தனக்கென ஒன்றை அமைத்துக்கொண்டவர். வண்டி ஓடும்போது படமெடுக்காதீர்கள், இன்ஜின் அதிர்வே படத்தைக் கெடுக்கும். ஓட்டுநரிடம் கேட்டு அணைக்கச் சொல்லுங்கள்.

மாசி முடியும்வரை சாமநத்தத்திலேயே எடுத்து, நல்லதென்று தோன்றும் பத்துப் படங்களை அனுப்புங்கள். அப்போதும் தூரம்தான் தடை என்றால் 150-600 பற்றிப் பேசுவோம். அதன் எடை ஏறத்தாழ 2 கிலோ, வாங்குமுன் ஒருநாள் வாடகைக்கு எடுத்துத் தூக்கிப் பாருங்கள்.