சப்பாத்தியை நிறுத்திவிடலாமா?

கேள்வி: எனக்கு 34 வயது. கல்யாணமாகி டெல்லிக்கு வந்து 9 வருடம் ஆகிறது. இரண்டு வருடமாக இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டும் ஹீமோகுளோபின் 8-ஐத் தாண்டவில்லை. மாதவிலக்கு சீராகத்தான் இருக்கிறது. வயிற்றுவலியோ பேதியோ கிடையாது. போன வருடம் எடுத்த எண்டோஸ்கோப்பியில் புண் எதுவும் இல்லை என்றார்கள். இப்போது டாக்டர் சீலியாக் நோய்க்கான ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்திருக்கிறார். ரத்தசோகைக்கும் கோதுமைக்கும் என்ன சம்பந்தம்? மாமியார் சப்பாத்தியை இன்றே நிறுத்தச் சொல்கிறார்.
- வாசகி, டெல்லி

பதில்: நிறுத்தாதீர்கள் அம்மா. கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதுதான் அந்தப் பரிசோதனை உண்மையைச் சொல்லும். முன்கூட்டியே நிறுத்திவிட்டுப் போனால், நோய் இருந்தும் ‘இல்லை’ என்று வந்துவிடலாம்.

சாப்பாட்டிலும் மாத்திரையிலும் உள்ள இரும்புச்சத்து பெரும்பாலும் இரைப்பையை அடுத்துள்ள முன்சிறுகுடலில்தான் ரத்தத்தில் சேர்கிறது. சீலியாக் நோய் கைவைப்பதும் அங்கேதான். கோதுமை, பார்லியில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனதும் உடம்பின் எதிர்ப்புச் சக்தி சொந்தக் குடலையே தாக்குகிறது. புது டர்க்கி டவலில் நூல் நூலாக நிற்குமே, அதுபோலக் குடலின் உள்சுவரில் நிற்கும் உறிஞ்சிகள் தேய்ந்து வழவழவென்று ஆகிவிடும். சிலருக்கு எண்டோஸ்கோப்பியில் குடல் மடிப்புகளின் ஓரம் எலி கொறித்ததுபோல வெட்டு வெட்டாகத் தெரியும். அப்புறம் எத்தனை மாத்திரை போட்டு என்ன?

பேதி இல்லையே என்று விட்டுவிடக் கூடாது. பெரியவர்களில் பலருக்கு ரத்தசோகை ஒன்றுதான் அடையாளம். மதுரையில் படித்த காலத்தில் நான் இந்த நோயைப் பார்த்ததே இல்லை. டெல்லிக்குப் பயிற்சிக்கு வந்த முதல் மாதமே மூன்று பேரைப் பார்த்தேன். வட இந்தியாவில் ஏறக்குறைய நூறில் ஒருவருக்கு இருக்கிறது; நம் பக்கம் அதைவிட மிகக் குறைவு. அதனால்தான் ஊரில் யாருக்கும் இது சட்டென்று தோன்றுவதில்லை. உங்கள் டாக்டருக்குத் தோன்றியது நல்லதாயிற்று.

பழைய எண்டோஸ்கோப்பி ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்கள். முன்சிறுகுடலிலிருந்து சதைத்துணுக்கு எடுத்துப் பார்த்ததாக அதில் இருக்கிறதா? இல்லையென்றால் ‘புண் இல்லை’ என்பதை வைத்து சீலியாக் இல்லை என்று சொல்ல முடியாது. கண்ணுக்குச் சரியாகத் தெரியும் குடலிலும் இந்த நோய் இருக்கலாம். ரத்தப் பரிசோதனையில் ஐஜிஏ (IgA) என்ற எதிர்ப்புப் புரதத்தின் மொத்த அளவையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். அது பிறவியிலேயே குறைவாக இருப்பவர்களுக்கு, நோய் இருந்தும் ‘இல்லை’ என்று முடிவு தப்பாக வரலாம்.

நோய் உறுதியானால் ஆயுளுக்கும் கோதுமை கூடாது. குடல் ஆற ஆற, சில மாதங்களில் இரும்புச்சத்து ஏறத் தொடங்கும். ரொம்பக் குறைவாக இருந்தால் அதுவரை நரம்பு வழியாக ஏற்றுவார்கள். உடன்பிறந்தவர்களும் குழந்தைகளும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். இட்லி, தோசை, கேழ்வரகு, கம்பு எல்லாம் சாப்பிடலாம். ரவை, சேமியா, மைதா மூன்றும் கோதுமைதான். சாம்பாரில் போடும் கூட்டுப் பெருங்காயத்திலும் கோதுமை மாவு கலந்திருக்கும்; டப்பாவைத் திருப்பிப் படியுங்கள். கேழ்வரகை மாவு மில்லுக்குக் கொடுக்காதீர்கள். சற்றுமுன் அரைத்த கோதுமை அந்த இயந்திரத்திலேயே ஒட்டிக்கொண்டிருக்கும்.