கும்பிடுபூச்சிகளிடம் தோற்றுக்கொண்டே இருக்கிறேன்: ‘ஹாலோ நைட்’டைத் தொடரலாமா, விட்டுவிடலாமா?

கேள்வி: நண்பர் சொன்னார் என்று தள்ளுபடியில் ‘ஹாலோ நைட்’ கேம் வாங்கினேன். வேலை முடிந்து இரவில் ஒரு மணி நேரம்தான் கிடைக்கும். இதுவரை 12 மணி நேரம் ஆடியிருக்கிறேன். பாதி நேரம் எங்கே நிற்கிறேன் என்றே தெரியவில்லை. இப்போது மூன்று கும்பிடுபூச்சிகளிடம் ஒரு வாரமாகத் தோற்கிறேன், சேர்த்த காசும் போய்விடுகிறது. இதை ஏன் இவ்வளவு கொண்டாடுகிறார்கள்? குறை என்னிடமா, கேமிலா? கன்ட்ரோலர் வாங்கினால் சரியாகுமா? பேசாமல் அடுத்த பாகமான ‘சில்க்சாங்’குக்குப் போய்விடலாமா? பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கும் என் 10 வயது மகளும் ஆட வேண்டும் என்கிறாள், கொடுக்கலாமா?

பதில்: உங்களை ஒரு வாரமாக வாட்டும் விஷயத்திலிருந்தே தொடங்குகிறேன். அந்த மூன்று கும்பிடுபூச்சிகளை, அதாவது மேண்டிஸ் லார்ட்ஸை, நீங்கள் இப்போது ஜெயித்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அவர்களுடைய கிராமத்தில் உங்களுக்கு அவசியமான பொருள் ஒன்றுதான்: சுவரைப் பற்றி ஏற உதவும் மேண்டிஸ் கிளா. அதற்கு இந்தச் சண்டை தேவையில்லை. அநேகமாக ஏற்கெனவே எடுத்திருப்பீர்கள். இல்லையென்றால் கிராமத்துக்குள்ளேயே தேடுங்கள், கிடைக்கும்.

அது கையில் வந்ததும் கிளம்பிவிடுங்கள். காளான்கள் நிறைந்த அந்த ஃபங்கல் வேஸ்ட்ஸ் பகுதியின் கிழக்கு ஓரத்தில் ஒரு பெரிய வாசல் இருக்கிறது. ஃபால்ஸ் நைட் என்ற குண்டு பாஸை (பெரிய எதிரியை) வீழ்த்தியபோது கிடைத்த நகரச் சின்னத்தை வைத்தால் அது திறக்கும். உள்ளே போனால் சிட்டி ஆஃப் டியர்ஸ் என்ற நகரம். வாசல் உங்களுக்குப் பின்னால் மூடிக்கொள்ளும், பயப்பட வேண்டாம், வெளியே வர வேறு வழிகள் உண்டு. நகரத்தின் மேற்கில், கீழ்ப்புறமாக, ஒரு கொல்லர் குடிசை இருக்கிறது. 250 ஜியோ (இந்த கேமின் காசு) கொடுத்தால் உங்கள் ஆயுதமான ஆணியைத் தீட்டித் தருவார். ஒரு அடியின் வலு 5-லிருந்து 9 ஆகும். 20 அடி வாங்கிச் சாகும் எதிரி 12 அடியில் விழும். ஒரு வாரமாக நீங்கள் விரல் வேகத்தால் சரிசெய்யப் பார்த்ததில் பெரும்பகுதியை அந்த 250 ஜியோ செய்துவிடும்.

நான் இந்த கேமைப் பற்றிச் சொல்ல விரும்புவதும் இதுதான். ஹாலோ நைட்டில் முக்கியமான திறமை, ஒரு இடத்தை எப்போது விட்டுவிட்டு வேறு பக்கம் போக வேண்டும் என்று தெரிந்துகொள்வது. இந்த வகை கேம்களை மெட்ராய்ட்வேனியா என்கிறோம். 1986-இல் ஜப்பானில் வந்த மெட்ராய்ட், கேசில்வேனியா ஆகிய இரண்டின் பெயர்களும் சேர்ந்து உண்டான சொல். லெவல் ஒன்று, லெவல் இரண்டு என்று நேர்கோட்டில் போகாது. ஒரே பெரிய நிலம், அதில் ஏறத்தாழ எல்லாப் பக்கமும் திறந்திருக்கும். ஒவ்வொரு புதுத் திறனும் பழைய பூட்டு ஒன்றைத் திறக்கும். மற்ற கேம்களில் பாஸ் வந்துவிட்டால் அதை அடித்துத்தான் அடுத்த கட்டம். அந்தப் பழக்கத்தோடு வருகிறவர்கள் இங்கே முட்டிக்கொண்டு நிற்கிறார்கள். நானும் முதல் முறை இப்படித்தான் பாதியில் விட்டேன், பல மாதம் கழித்துத்தான் திரும்பி வந்தேன்.

அப்படியானால் குறை உங்களிடமா? பாதிக்கு மேல் கேமிடம்தான். மூன்று சிம்மாசனம், அதில் மூன்று அரசிகள், எதிரே நீங்கள்: பார்க்கிற யாருக்கும் கதை இந்த வழியாகத்தான் போகிறது என்றே தோன்றும். இது விருப்பச் சண்டை என்று எங்கேயும் ஒரு குறிப்பு கிடையாது. இரண்டு மூன்று பேர் கொண்ட சிறிய குழு செய்த கேம் இது. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரைச் சேர்ந்த டீம் செர்ரியில் ஏரி கிப்சன், வில்லியம் பெல்லன் இருவரும்தான் முதுகெலும்பு. 2014-இல் மக்களிடம் நிதி திரட்டும் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் 35,000 ஆஸ்திரேலிய டாலர் கேட்டு, 57,000-க்கு மேல் திரட்டி, 2017 பிப்ரவரியில் வெளியிட்டார்கள். ஆடுகிறவரின் கையைப் பிடித்து நடத்தக் கூடாது என்பதில் பிடிவாதமாக இருந்திருக்கிறார்கள். அந்தப் பிடிவாதத்தை நான் மதிக்கிறேன். ஆனால் இரவில் ஒரு மணி நேரம் மட்டும் ஆடுகிறவரை அது நிறையவே சோதிக்கிறது.

மேப் விஷயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான பகுதிகளில் கார்னிஃபர் என்ற மேப் வரைகிறவர் எங்காவது உட்கார்ந்து முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருப்பார். அவரைக் கண்டுபிடித்து வாங்கும் வரை அந்தப் பகுதியில் உங்களிடம் மேப்பே இல்லை. வாங்கினாலும் அது அரைகுறைதான். புதிதாகப் பார்த்த இடங்கள் அதில் ஏற வேண்டுமானால் டர்ட்மவுத் ஊரில் அவர் மனைவி இசெல்டாவிடம் 120 ஜியோவுக்கு இறகுப் பேனா வாங்க வேண்டும். அப்புறம் பெஞ்சில் உட்கார்ந்தால்தான் மேப் புதுப்பிக்கப்படும். மேப்பில் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று தெரிய, 220 ஜியோவுக்கு வேவார்ட் காம்பஸ் என்ற சார்ம் (அணிந்துகொண்டால் ஒரு பலன் தரும் தாயத்து) தனி. அதுவும் உங்களுக்கு ஆரம்பத்தில் இருக்கும் மூன்று சார்ம் இடங்களில் ஒன்றைத் தின்றுவிடும். சண்டைக்கு உதவும் சார்ம் வேண்டுமா, நிற்கிற இடம் தெரிய வேண்டுமா என்று தேர்ந்தெடுக்க வைப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. இதை இந்த கேமின் தெளிவான குறை என்றே சொல்வேன்.

நீங்கள் செய்ய வேண்டியது: பேனா, காம்பஸ் இரண்டையும் உடனே வாங்குங்கள். ஊர் சுற்றும்போது காம்பஸ், பாஸ் சண்டைக்கு முன் பெஞ்சில் அதைக் கழற்றிவிட்டு வேறு சார்ம். இசெல்டா விற்கும் குறியீட்டு ஊசிகளையும் வாங்கி, ‘இப்போது எட்டவில்லை’ என்று தோன்றும் ஒவ்வொரு இடத்திலும் ஒன்றைக் குத்தி வையுங்கள். மறுநாள் இரவு நினைவுபடுத்திக்கொள்ளும் நேரமே மிச்சமாகும். கார்னிஃபரைக் கண்டுபிடிக்கக் கண்ணைவிடக் காது உதவும். அவர் இருக்கும் இடத்தை நெருங்கும்போது தரையில் காகிதங்களும் சிதறிக் கிடக்கும்.

இன்னொரு குறை சேவ். எந்த இடத்தில் நிறுத்தினாலும் மீண்டும் தொடங்குவது கடைசியாக உட்கார்ந்த பெஞ்சிலிருந்துதான். பகுதிகளைக் கண்டுபிடிப்பதும் பொருள்களும் சேமிக்கப்பட்டுவிடும், நடந்த தூரம் மட்டும் போய்விடும். கடைசிப் பத்து நிமிடத்தைப் பெஞ்ச் தேட ஒதுக்கிவிடுங்கள். சில பாஸ்களுக்குப் பக்கத்தில் பெஞ்சே இருக்காது. நகரத்தில் அடுத்து நீங்கள் சந்திக்கப்போகும் சோல் மாஸ்டர் அப்படித்தான், ஒவ்வொரு தோல்விக்குப் பின்னும் நீண்ட நடை. அந்த நடையில் கற்றுக்கொள்ள எதுவும் இல்லை.

காசு பறிபோவதற்கு வருகிறேன். செத்த இடத்தில் உங்கள் நிழல் காசோடு நிற்கும். அதை அடித்தால் முழுவதும் திரும்பக் கிடைக்கும், அதற்குள் மறுபடி செத்தால் போனது போனதுதான். ஆனால் நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள் என்று நினைக்கும் ஒன்று: பயண நாட்குறிப்பு, முத்திரை மாதிரியான பழம்பொருள்கள் செத்தாலும் போகாது. நகரத்தில் லெம் என்ற பழம்பொருள் வியாபாரி இருக்கிறார். நாட்குறிப்பு 200, முத்திரை 450, ராஜாவின் சிலை 800, மர்ம முட்டை 1,200 ஜியோ என்று வாங்கிக்கொள்வார். கிடைத்தவுடன் விற்காதீர்கள். கொல்லரிடமோ கடையிலோ எதை வாங்கப் போகிறோம் என்று முடிவான அன்று மட்டும் விற்றுச் செலவழியுங்கள். இந்த உலகத்தில் திருட்டுப் போகாத பெட்டகம் அதுதான்.

காளான் பகுதியில் லெக் ஈட்டர் விற்கும் ஃப்ராஜைல் வகை சார்ம்களை இப்போது தொடாதீர்கள். செத்தால் உடைந்துவிடும், பழுது பார்க்க மறுபடி காசு கேட்பார். அதற்குப் பதில் சார்ம் விற்கும் சலூப்ராவிடம் 300 ஜியோவுக்கு லாங்நெயில் வாங்குங்கள். ஆணியின் எட்டும் தூரம் கூடும், கும்பிடுபூச்சிகளுக்கு எதிராக அது பெரிய உதவி.

சரி, இத்தனை குறை இருந்தும் ஏன் கொண்டாடுகிறார்கள்?

முதலில் கை. குதித்தல், அடித்தல் இரண்டும் நீங்கள் நினைத்த அதே நொடியில் நடக்கும். எதிரியை மூன்று அடி அடித்தால் ஒரு உயிரை மீட்கும் அளவுக்கு சோல் என்ற சக்தி சேரும். ஆனால் அதை மீட்க ஏறத்தாழ ஒரு விநாடி அசையாமல் நிற்க வேண்டும். ஆக, பயந்து ஒதுங்குகிறவருக்கு மருந்து இல்லை. நெருங்கி அடிக்கிறவருக்குத்தான் மருந்து, அதைக் குடிக்கவும் எதிரியின் அசைவைப் படித்திருக்க வேண்டும். இந்த ஒரு விதியே ஒவ்வொரு சண்டையையும் உயிரோட்டமாக வைத்திருக்கிறது. கும்பிடுபூச்சிகளைப் பாருங்கள்: தரையோடு பாய்வது, தலைக்கு மேலிருந்து குத்துவது, சுவரில் தொற்றிக்கொண்டு வளைந்து திரும்பும் ஆயுதத்தை வீசுவது, மொத்தம் மூன்றே அசைவுகள். மூன்றுக்கும் முன்னால் ஒரு கணம் அடையாளம் காட்டும். முதலில் ஒருத்தி தனியாக வந்து பாடம் நடத்துகிறாள், பிறகுதான் இருவராக வருகிறார்கள். ஆணியைத் தீட்டிவிட்டு வந்து, முதல் இரண்டு முயற்சியில் அடிக்கவே அடிக்காமல் தப்பிக்க மட்டும் பாருங்கள். இது தாளம் என்று புரிந்துவிடும். ஜெயித்ததும் அவர்கள் சாக மாட்டார்கள். உங்களுக்குத் தலை வணங்குவார்கள், அந்தக் கிராமத்துப் பூச்சிகள் அதற்கப்புறம் உங்களைத் தாக்குவதில்லை. கும்பிடுபூச்சி என்று நம் ஊரில் வைத்த பெயர் அந்த இடத்தில் அவ்வளவு பொருந்தும்.

இரண்டாவது, அந்த நிலம். ஒரே ஒரு உதாரணம் சொல்கிறேன், தானாகக் கண்டுபிடிக்க விரும்பினால் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள். சிட்டி ஆஃப் டியர்ஸ் பூமிக்கடியில் இருக்கும் நகரம், ஆனாலும் அங்கே ஓயாமல் மழை பெய்கிறது. கிறிஸ்டஃபர் லார்கினின் இசையும் அந்த மழைச் சத்தமும் சேர்ந்து, நான் பல இரவுகள் அங்கே சும்மா நின்றிருக்கிறேன். ஏன் மழை என்பது அப்போது புரிவதில்லை. பல மணி நேரம் கழித்து, வேறொரு பக்கம் அலையும்போது ஒரு பெரிய ஏரிக்கரைக்கு வந்து சேர்வீர்கள். மேப்பைத் திறந்து பார்த்தால் ஏரி நகரத்துக்கு நேர் மேலே இருக்கும். இத்தனை நாளும் நனைந்தது ஏரியின் கசிவில்! பாத்திரங்கள் வாயால் சொல்வதைவிட இந்த உலகம் தன் அமைப்பால் சொல்வது அதிகம். தொலைந்துபோன நேரம் வீணாகவில்லை என்று முதன்முதலில் எனக்குத் தோன்றியது அங்கேதான்.

தேடுகிறவருக்குச் சண்டையிலும் பலன் உண்டு. பின்னால் வாட்சர் நைட்ஸ் என்று ஆறு வீரர்கள் வருவார்கள். அந்த அறைக்கு மேலே உடையும் சுவர் ஒன்றைக் கண்டுபிடித்தால், தொங்குவிளக்கை அறுத்துக் கீழே தள்ளி ஒருவரை முன்கூட்டியே தீர்த்துவிடலாம்.

கதை இருக்கிறதே, அது சிதறித்தான் கிடக்கிறது. பழைய கல்வெட்டு நடையில் உள்ள ஆங்கிலம் வேறு. கதைக்காக ஆடுகிறவர்களுக்கு இதை நான் பரிந்துரைப்பதில்லை.

கதையை முடிக்க 25 முதல் 30 மணி நேரம் ஆகலாம். உங்கள் கணக்கில் இன்னும் இரண்டு, இரண்டரை வாரம். உண்மையான முடிவைப் பார்க்க வேண்டுமானால் ஒயிட் பேலஸ் என்ற, சுழலும் ரம்பங்கள் நிறைந்த அரண்மனையைக் கடக்க வேண்டும். அதுவரை இல்லாத அளவுக்குத் துல்லியமான குதிப்பு கேட்கும் இடம் அது. அங்கே அலுத்துவிட்டால் முதல் முடிவோடு நிறுத்தினாலும் எந்த இழப்பும் இல்லை. 2018-இல் இலவசமாகச் சேர்த்த காட்மாஸ்டர் பகுதி, பாஸ்களை வரிசையாக இடைவிடாமல் வெல்லச் சொல்கிறது. உங்கள் நேரத்துக்கு அது வேண்டாம்.

கன்ட்ரோலர் கட்டாயமில்லை. அம்புக்குறிகளோடு இசட், எக்ஸ், சி, ஏ என்ற விசைகளிலேயே ஆடி முடித்தவர்கள் ஏராளம். வாங்கினால் திசைப் பொத்தான்களைப் பயன்படுத்துங்கள். சுழல்குச்சியில் கீழ்நோக்கி அடிக்கும்போது பல சமயம் பக்கவாட்டில் போய்விடும்.

சில்க்சாங்குக்கு இப்போது போக வேண்டாம். 2025 செப்டம்பர் 4-இல் வந்த அது, இதை முடித்தவர்களின் கையை எதிர்பார்க்கிறது. பல எதிரிகள் ஒரே அடியில் இரண்டு உயிரைப் பறிப்பார்கள். மேண்டிஸ் லார்ட்ஸில் சலித்தவருக்கு அது ஆறுதல் தராது.

மகளைப் பொறுத்தவரை, ஐரோப்பிய வயதுச் சான்று 7, அமெரிக்காவில் 10. ரத்தக்களரி எதுவும் இல்லை. ஆனால் கடினத்தைக் குறைக்கும் வசதியும் இல்லை. அவள் தானே ஆட ‘ஓரி அண்ட் த வில் ஆஃப் த விஸ்ப்ஸ்’ நல்ல தொடக்கம், அதில் எளிதான அளவைத் தேர்ந்தெடுக்கலாம். உங்கள் கேமில் அவளுக்கு மேப் பொறுப்பைக் கொடுங்கள்: காகிதம் சிதறிக் கிடந்தால் சொல்வது, எட்டாத இடங்களை ஒரு நோட்டில் எழுதுவது. ஒரே ஒரு எச்சரிக்கை. கும்பிடுபூச்சிகளை வென்றதும் திறக்கும் வழி டீப்நெஸ்ட்டுக்குள் இறங்குகிறது. இருட்டு, சிலந்தி, சுவருக்குள் ஏதோ ஊரும் சத்தம். அந்தப் பகுதியை அவள் தூங்கிய பிறகு ஆடுங்கள்.