ஸ்னேப்பைப் பற்றி மகனிடம் என்ன சொல்வது?

வணக்கம் சகோதரி. மும்பை மாட்டுங்காவிலிருந்து லோக்கல் ரயிலில் வரும்போது, "ஹாரி பாட்டர்ல ஸ்னேப் கடைசியில உயிரையே குடுத்தாரே, அவரை எப்படிம்மா கெட்டவர்னு சொல்றது?" என்று மகன் கேட்டதாக எழுதியிருந்தீர்கள்.

பாதி சரிதான். ஹாரியின் பள்ளி ஆசிரியரான ஸ்னேப்போல, கதையின் வில்லன் வோல்டமார்ட்டின் பக்கத்திலேயே இருந்து உளவு பார்ப்பது லேசுப்பட்ட காரியமில்லை. ஆனால் 1999-ல் வந்த மூன்றாம் பாகத்தில் போகார்ட் என்ற மாய உயிர் வரும் வகுப்பை அவனோடு சேர்ந்து மறுபடி படியுங்கள். எதிரில் நிற்பவரின் பெரும் பயமாக உருவெடுக்கும் அது, ஹாரியின் வகுப்புத் தோழன் நெவில் முன்னால் ஸ்னேப்பாக வருகிறது. அவன் பெற்றோரைச் சித்திரவதை செய்து புத்தி பேதலிக்க வைத்தவர்கள் வேறு ஆட்கள். இருந்தும் அந்தப் பிள்ளை நடுங்குவது தன் ஆசிரியரைப் பார்த்து! எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை. தான் நேசித்த, ஹாரியின் அம்மா லில்லிக்காக ஸ்னேப் செய்த தியாகம் நெவிலின் கணக்கில் எப்படி வரவாகும்? அவனிடம் அவர் மன்னிப்பே கேட்கவில்லை.

ஹாரி தன் மகனுக்கு அவர் பெயரை வைத்தான். அது அவன் உரிமை. நெவில் வைப்பானா என்று பையனிடம் கேளுங்கள். பதிலை அவனே சொல்லட்டும், நீங்கள் எடுத்துக்கொடுக்க வேண்டாம்.