மயங்கிக் கிடக்கும் நாயின் வாயில் தண்ணீர் ஊற்றலாமா?

கேள்வி: போன வாரம் கத்திரி வெயிலில் எங்கள் தெரு நாய் மூச்சு இரைக்க இரைக்கச் சுருண்டு விழுந்துவிட்டது. ஃப்ரிட்ஜ் தண்ணீரை வாயில் ஊற்றி, ஈரத் துண்டால் போர்த்திவிட்டோம். அரை மணி நேரத்தில் செத்துப்போச்சு. நாங்கள் செய்தது தப்பா?
– ஒரு வாசகி, வேலூர்

பதில்: மனதைப் போட்டு வருத்திக்கொள்ளாதீர்கள், பதறி ஓடிவந்தது நீங்கள்தானே. அடுத்த முறைக்காகச் சொல்கிறேன். மயங்கிய பிராணிக்கு விழுங்கத் தெம்பு இருக்காது, வாயில் ஊற்றினால் தண்ணீர் நுரையீரலுக்குள் போய்விடும். உடம்பின் மேல்தான் ஊற்ற வேண்டும். நாய்க்கு நம்மைப் போல் உடம்பெல்லாம் வியர்க்காது, மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியே தள்ளும், அனல் காற்றில் அதுவும் பலிக்காது. 101, 102 டிகிரி ஃபாரன்ஹீட் இருக்க வேண்டிய உடம்பு 105ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. அதனால் முதலில் நிழலுக்குத் தூக்கிப் போய், வயிறு, தொடையிடுக்கு, பாதம் எல்லாம் நனையும்படி ஊற்றிக்கொண்டே விசிறுங்கள். மதிய நேரத்தில் மாடித் தொட்டிக் குழாயைத் திறந்தால் வெந்நீர்தான் வரும், குடத்துத் தண்ணீரை எடுங்கள். ஈரத் துண்டைப் போர்த்தினால் அது சீக்கிரமே சூடாகி உள்ளே இருக்கும் சூட்டை வெளியே விடாது. அப்புறம், நாய் எழுந்து நின்றுவிட்டாலும் மருத்துவரிடம் காட்டியே ஆகணும், சிறுநீரகக் கோளாறு ஓரிரு நாள் கழித்துக்கூடத் தெரியும்.

கேள்வி: மொட்டை மாடியில் ஒரு பருந்து பறக்க முடியாமல் கிடக்கிறது. என்ன கொடுக்கலாம்?
– ஒரு வாசகர், மதுரை

பதில்: சோறு, பால் எதுவும் வேண்டாம், அலகைப் பிளந்து தண்ணீர் விடவே வேண்டாம். நகம் கிழித்துவிடும், அதனால் கெட்டித் துணியைப் போட்டு மூடித் தூக்கி, ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் வைத்து, இருட்டான குளிர்ந்த இடத்தில் விட்டுவிடுங்கள். சும்மா சும்மா திறந்து பார்க்காதீர்கள், மனிதர் முகமே அதற்குப் பயம். 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி வீட்டில் வைத்து வளர்க்கக் கூடாது, உடனே வனத்துறைக்குச் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: எங்கள் ஊரில் உச்சி வெயிலிலும் மாட்டுவண்டியில் பாரம் ஏற்றுகிறார்கள். கேட்க வழி உண்டா?
– ஒரு வாசகர், கரூர்

பதில்: உண்டு. வெயில் 37 டிகிரி செல்சியஸைத் தாண்டும் இடங்களில் பகல் 12 மணியிலிருந்து 3 மணி வரை வண்டி மாட்டை வேலை வாங்கக் கூடாது என்று 1965ஆம் ஆண்டு விதியே இருக்கிறது. ஆனால் எடுத்த எடுப்பில் போலீஸ் என்று மிரட்டாதீர்கள், வண்டிக்காரருக்கும் அதுதான் சோறு. நிழலைக் காட்டி, மாட்டுக்கு ஒரு தொட்டித் தண்ணீர் வைத்துவிட்டு, மூன்று மணிக்கு மேல் பூட்டச் சொல்லிப் பாருங்கள். மாடு விழுந்துவிட்டால் 1962க்கு போன் போடுங்கள், கால்நடை ஆம்புலன்ஸுக்கான எண் அது.