உருண்டை பிடிக்கலாம் வாங்க: கேள்வி பதில்

ஓவனில் சுடாமல், பொரிக்காமல் வீட்டில் செய்யும் சத்தான இனிப்புகள் பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். எள், கடலை, பேரீச்சை, கேழ்வரகு, இவைதான் என் பக்கம். கேக், புட்டிங் எல்லாம் வேறு யாரிடமாவது கேளுங்கள்.

அக்கா, எள்ளுருண்டை உருட்டும்போதே உதிர்கிறது. பாகு காய்ச்ச வேண்டுமா?

வேண்டாம். எள்ளில் ஏறக்குறைய பாதி எண்ணெய்தான். அது கசிந்தால் அதுவே பிடித்துக்கொள்ளும். உதிர்கிறது என்றால் இன்னும் கசியவில்லை. 200 கிராம் கறுப்பு எள்ளைக் களைந்து, கல் நீக்கி, துணியில் பரப்பி நன்றாக உலர்த்துங்கள். அடி கனமான வாணலியில் மிதமான தீயில் வறுங்கள். படபடவென்று பொரிகிற சத்தம் அடங்க ஆரம்பித்ததும் உடனே தட்டில் கொட்டிவிட வேண்டும். வாணலியிலேயே விட்டால் அந்தச் சூட்டில் கருகிக் கசக்கும். கறுப்பு எள் கருகினால் கண்ணுக்குத் தெரியாது, வாயில் போட்டால்தான் தெரியும்.

கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் மிக்ஸியில் விட்டு விட்டு ஓட்டுங்கள். பாதி அரைபட்டதும் 120 கிராம் பொடித்த வெல்லம், இரண்டு ஏலக்காய், சிட்டிகை உப்பு. ஒரு பிடி எடுத்து அழுத்திப் பாருங்கள், நின்றால் உருட்டலாம். நிற்காவிட்டால் இன்னொரு சுற்று. விடாமல் ஓட்டினால் கூழாகிவிடும். கை ஈரமில்லாமல் இருக்கட்டும். தண்ணீர் தெளிக்கவே கூடாது.

தண்ணீருக்குப் பதில் கொஞ்சம் பால் தெளிக்கலாமா?

தண்ணீரே வேண்டாம் என்றேன். பாலில் பாதிக்கு மேல் தண்ணீர்தானே! உருண்டை இன்னும் சீக்கிரம் கெடும்.

பேரீச்சையை ஊறவைத்து அரைத்து முந்திரி சேர்த்து உருட்டினேன். மூன்றாம் நாளே பூஞ்சை.

ஊறவைத்ததுதான் காரணம். இனிப்பு அடர்த்தியாக, ஈரம் குறைவாக இருக்கும்வரைதான் பேரீச்சை கெடாமல் இருக்கும். நீங்கள் தண்ணீர் ஏற்றிவிட்டீர்கள். பழம் கெட்டியாக இருந்தால் ஒரு ஸ்பூன் நெய்யில் இரண்டு நிமிடம் புரட்டுங்கள், தானே இளகும். கொட்டைகளை வறுத்து, ஆறவைத்து, ஒன்றிரண்டாகப் பொடித்துச் சேருங்கள். ஈரக் கை, ஈர டப்பா, ஈரக் கரண்டி மூன்றும் வேண்டாம்.

பத்து மாதக் குழந்தைக்குத் தேன் விட்டு உருட்டித் தரலாமா?

கூடாது. ஒரு வயது முடியும்வரை தேன் ஒரு சொட்டுக்கூட வேண்டாம். அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் வித்து, குழந்தையின் குடலில் வளர்ந்து நஞ்சை உண்டாக்கும். முழுக் கடலை, முழு முந்திரியும் சின்னக் குழந்தைகளுக்குத் தொண்டையில் அடைக்கும்.

சர்க்கரை நோய் உள்ள அப்பாவுக்குக் கருப்பட்டி போட்டுச் செய்தால் பயமில்லாமல் தரலாம்தானே?

இல்லை. வெல்லம், கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை எல்லாவற்றிலும் பெரும்பகுதி வெள்ளைச் சர்க்கரையில் இருக்கும் அதே சுக்ரோஸ்தான். எவ்வளவு தரலாம் என்பதை அவருடைய மருத்துவரிடம் கேளுங்கள்.

இதை ஏற்க முடியாது அக்கா. எங்கள் ஆச்சி காலமெல்லாம் கருப்பட்டிக் காபிதான் குடித்தார். ஒரு நோய் வந்ததில்லை.

ஆச்சி விறகு சுமந்தாரா, கிணற்றில் நீர் இறைத்தாரா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நான் கருப்பட்டிக்கு எதிரி இல்லை, அந்த மணத்துக்காகவே வாங்குகிறவள். அதை மருந்தாக்குவதுதான் பிடிக்கவில்லை.

இரும்புச் சத்து இருக்கிறதே! அதை ஏன் மறைக்கிறீர்கள்?

மறைக்கவில்லை, கணக்குப் போடுகிறேன். எள்ளுருண்டைக்கு நான் சொன்ன அளவில் 20 கிராம் எடையில் 16 உருண்டை வரும். ஒன்றில் ஏழரை கிராம் வெல்லம். அந்த ஏழரை கிராமில் எவ்வளவு இரும்பு வந்துவிடும்? அந்த உருண்டையில் சத்து எள்ளில்தான். வெல்லத்திலிருந்தே இரும்பு வேண்டுமென்றால் கட்டி கட்டியாகத் தின்ன வேண்டும், அதோடு அவ்வளவு சர்க்கரையும் உள்ளே போகும். நாம் சேர்க்கிற இனிப்பு மொத்த ஆற்றலில் பத்தில் ஒரு பங்குக்குள் இருக்கட்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்னது. நாளுக்கு 2000 கலோரி சாப்பிடுகிறவருக்கு அது 50 கிராம். வெல்லம், தேன் எல்லாம் அந்தக் கணக்கில்தான். மூன்று உருண்டை தின்றால் 22 கிராம் ஆச்சு, காபி டீ தனி. "சர்க்கரை சேர்க்காதது" என்று எழுதி விற்கும் வெல்ல உருண்டையைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வருகிறது.

அப்படியானால் தேன் சேர்க்கலாமா?

மேலே படியுங்கள்.

நாட்டுச் சர்க்கரை?

மேலே.

கடலை மிட்டாய் பல்லில் ஒட்டுகிறது. கோவில்பட்டி மிட்டாய் போல் மொறுமொறுப்பாக எப்படி?

கோவில்பட்டிக்காரர்கள் 2020இல் புவிசார் குறியீடே வாங்கியவர்கள், அவர்களோடு போட்டி வேண்டாம். பாகைச் சீக்கிரம் இறக்கிவிடுகிறீர்கள். தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு எடுத்துத் தட்டில் போட்டால் ணங்கென்று சத்தம் வர வேண்டும். அதுவரை காய்ச்சுங்கள். கடலையில் சுருங்கியது, நிறம் மாறியது, பூஞ்சை படிந்தது எல்லாவற்றையும் பொறுக்கி எறியுங்கள். அந்தப் பூஞ்சை நஞ்சு வறுத்தாலும் முழுக்கப் போகாது.

பிஸ்கட்டைப் பொடித்து, மில்க்மெய்டு ஊற்றி உருட்டுவது ஹெல்தியா?

ருசியாக இருக்கும். அவ்வளவுதான்.

கேழ்வரகு மாவை அப்படியே நெய் ஊற்றி உருட்டலாமா?

பச்சை மாவு எதுவுமே வேண்டாம். பொட்டுக்கடலை ஏற்கெனவே வறுபட்டது, அதனால் அதை மட்டும் அப்படியே பொடிக்கலாம். கேழ்வரகில் சிமிலி செய்யுங்கள். உப்புப் போட்டுப் பிசைந்து, அடையாகத் தட்டி, தோசைக்கல்லில் இரு பக்கமும் வேகவிட்டு, ஆறியதும் பிய்த்து, வறுத்த வேர்க்கடலையும் வெல்லமும் சேர்த்து இடித்து உருட்ட வேண்டும். அடையில் ஈரம் இருப்பதால் அன்றைக்கே சாப்பிட்டுவிடுங்கள்.

ஃப்ரிட்ஜில் வைத்தால் ஒரு வாரம் வருமா அக்கா?

சிமிலியா? அன்றைக்கே.